பிசியோ அறை வாசல் நாற்காலியிலிருந்து ஒரு நன்றி மடல்

கிளப்பின் வீரர்கள், பயிற்சியாளர்கள், ஊழியர்கள், அவர்கள் வீட்டார் எல்லோருக்கும் வணக்கம்.

இந்த சீசனோடு சாப்ளின் பொறுப்பை, அதாவது வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் மனத்துணையாக இருக்கும் போதகர் வேலையை, இன்னொருவரிடம் ஒப்படைக்கிறேன். பதினோரு வருடம் ஒரு பந்துகூட உதைக்காதவனை அணியில் ஒருவனாகவே வைத்திருந்தீர்கள். பிரிவு உபசாரத்தில் மைக்கைக் கொடுத்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. நாலு வரியில் முடித்துவிட்டேன். அன்று விட்டுப்போனது இது. பாதி நன்றி, பாதி அடுத்து வருபவருக்கான குறிப்பு.

முதல் நன்றி, என்னைப் பழக்கிய மூத்த சாப்ளின் ஐயாவுக்கு. ஜான் பாயர்ஸ் என்ற போதகர் 1977-இல் இங்கிலாந்தின் வாட்ஃபோர்ட் கால்பந்து கிளப்பில் சாப்ளினாகச் சேர்ந்ததையும், பிறகு மான்செஸ்டர் யுனைடெட் வரை போனதையும் சொல்லித்தான் ஐயா பாடத்தை ஆரம்பித்தார். கூடவே, விளையாட்டு சாப்ளின்களிடையே வழங்கும் ஒரு விதியையும் தன் பாணியில் சொன்னார்: “நலம் விசாரிக்க நாமே போகணும். சாமியைப் பத்தி அவங்களா கேட்டாத்தான் பேசணும்.” தலையாட்டினேன். ஆனால் பிரசங்க மேடையில் வளர்ந்தவனுக்கு வாய் சும்மா இருக்குமா? முதல் மாதமே ஒரு வீரரை நடைவழியில் மறித்து, “உங்களுக்காக ஜெபம் பண்ணட்டுமா?” என்றேன். மரியாதைக்காக நின்றார். அதற்கப்புறம் இரண்டு மாதம், என் தலை தெரிந்தாலே வேறு வழியாகப் போய்விடுவார்.

அந்தச் சமயத்தில் என்னைக் கரையேற்றியவர், வீரர்களின் உடைகளைக் கவனிக்கும் கிட் அறை அண்ணன். என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவனிடம் துவைத்த காலுறைக் குவியலைத் தள்ளி, “சும்மா நிக்காதீங்க ஐயா, சோடி சேருங்க” என்றார். அந்தக் குவியலில்தான் வேலையைக் கற்றேன். முகத்துக்கு முகம் உட்கார்ந்தால் வாய் திறக்காத பையன்கள், என் கை காலுறையைத் தேடிக்கொண்டிருந்தால் பேசினார்கள். இளம் கோல்கீப்பர் ஒருவர் தன் அப்பாவின் நோயைப் பற்றி முதன்முதலாகச் சொன்னதும் அங்கேதான். கடைசிவரை அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் தலை நிமிரவில்லை. அன்று சேர்த்த சோடிகளில் பாதி தப்பு. அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை.

பிசியோ மேடம், உங்கள் அறை வாசலில் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டீர்களே, அதைவிட நல்ல இடம் இந்தக் கிளப்பில் கிடையாது. முழங்காலின் முன் சிலுவை ஜவ்வு (ACL) கிழிந்தால் திரும்பி ஆடப் பெரும்பாலும் ஒன்பது மாதமாவது ஆகும். அத்தனை நாளும் வெளியே கூட்டாளிகள் கத்தி விளையாடும் சத்தம் கேட்கும். உள்ளே இவர் தனியாகக் காலைத் தூக்கி இறக்கிக்கொண்டிருப்பார். “எப்போ ஆட வருவேன்னு மட்டும் கேக்காதீங்க, எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க” என்றீர்கள். அதிலிருந்து குழந்தைக்குப் பல் முளைத்ததா என்று விசாரிக்க ஆரம்பித்தேன். அங்கே காதில் விழுந்ததை வீட்டில்கூட மூச்சு விடக் கூடாது என்பதும் உங்கள் பாடம். யாருக்குக் காயம், யார் அணியில் இல்லை என்பதெல்லாம் பந்தயம் கட்டுகிறவர்களுக்குப் பணம்.

குழந்தைப் பாதுகாப்பைக் கவனிக்கும் சகோதரிக்கு: முழு ரகசியம் காப்பேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதே என்று நீங்கள் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் கோபம்தான். நீங்கள் சொன்னதே சரி. ஒரு பிள்ளைக்கோ ஓர் உயிருக்கோ ஆபத்து என்றால் உரியவரிடம் சொல்லியே ஆவேன் என்பதைப் பேச்சு தொடங்கும் முன்பே சொல்லிவிடப் பழகினேன். கிளப்பின் அகாடமியில் பயிலும் இளம் பையன்களோடு கதவு மூடிய அறையில் உட்கார்ந்ததில்லை.

கோச், அந்த 4–0 தோல்விக்குப் பிறகு உடைமாற்றும் அறைக்குள் ஆறுதல் சொல்ல நுழைந்தேனே, மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு பார்வைதான். மறுநாள் நீங்களே கூப்பிட்டு, “தோத்த அன்னைக்கு வேண்டாம், செவ்வாய்க்கிழமை வாங்க” என்றீர்கள். வெளியே துரத்தியதற்கும் திரும்பக் கூப்பிட்டதற்கும் சேர்த்து நன்றி.

வரவேற்பறை அக்கா ஒவ்வொரு சீசனும் வீட்டார் தொலைபேசி எண்களைப் புதுப்பித்துத் தந்தார். 2012 மார்ச்சில் இங்கிலாந்தின் போல்டன் கிளப் வீரர் முவாம்பா ஆட்டத்தின் நடுவே சரிந்து விழுந்தார். 78 நிமிடம் இதயம் தானாகத் துடிக்காமல் இருந்து பிழைத்தார். அப்படி ஒரு நாள் இங்கே வந்தால், மருத்துவமனையில் குடும்பத்தோடு யார் உட்காருவது? முன்கூட்டியே எழுதி வைத்தோம். அந்தத் தாளைப் பிரிக்கத் தேவை வரவில்லை.

மைதானப் பராமரிப்பாளருக்கும் ஒரு நன்றி. இறந்துபோன ரசிகர்களின் சாம்பலை மைதானத்தில் தூவக் கேட்டு வரும் குடும்பங்களிடம், புல்லுக்குக் கெடுதல் என்று ஒரு நாளும் முகத்தில் அடித்தாற்போல் சொன்னதில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால் ஓர் ஓரம் காட்டி, கைப்பிடியளவு போதும் என்று சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார்.

கடைசியாக ஓர் அம்மாவுக்கு. உங்கள் மகனைப் பதினெட்டு வயதில், இனி அணியில் இடமில்லை என்று கிளப் விடுவித்த அன்று, கார் நிறுத்துமிடத்தில் என்ன சொல்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்றேன். முதல் வாரம் எல்லோரும் போன் செய்தார்கள், மூன்றாவது மாதம் நான் மட்டும்தான் செய்தேன் என்று பிறகு சொன்னீர்கள். அன்றிலிருந்து விடுவிக்கப்படும் ஒவ்வொரு பையனுக்கும் மூன்றாவது மாதம் நாட்காட்டியில் குறித்து வைத்தேன். அந்த நாட்காட்டியைப் புதியவரிடம் கொடுத்திருக்கிறேன். இந்த மாதம் இரண்டு பேர் பாக்கி.

புதியவர் வியாழக்கிழமை பத்து மணிக்கு வருகிறார். நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். அடியில் மடித்து வைத்த அட்டையை எடுத்துவிட வேண்டாம். அண்ணா, காலுறைகளை அவரிடம் தள்ளிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய சாப்ளின்