இரண்டு மருந்துகளைச் சேர்ப்பது எதற்காக?

அன்புள்ள நண்பருக்கு,

கண்புரை அறுவைக்குப் பின் நெடுநேரம் எழுதக் கூடாது என்றிருந்ததால் பதில் தாமதமாயிற்று. உங்கள் தமையனார் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளியே வந்துவிட்டார் என்ற செய்தி பெரும் நிம்மதி தந்தது. ஒரு மருந்துக்கு அடங்காத கிருமி, இரண்டைச் சேர்த்துக் கொடுத்தால் அடங்கிவிடாதா என்று கேட்டிருந்தீர்கள். ஆய்வகத்திலேயே காலம் கழித்த எனக்கும் இதற்கு ஒரே சொல்லில் விடை சொல்ல வரவில்லை. எதற்காகச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது அது.

காசநோயில் ஐயமில்லை. 1940களின் இறுதியில் ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் கொடுத்தபோது, முதலில் தேறிய நோயாளிகள் பலரிடம் அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகின. 'பாஸ்' என்னும் மருந்தையும் உடன் கொடுத்த பிறகு இது வெகுவாகக் குறைந்தது. ஒரு மருந்துக்குத் தப்பும் மரபணு மாற்றம் கோடிக்கணக்கான கிருமிகளில் ஒன்றிரண்டுக்கு வாய்க்கலாம். இரண்டுக்கும் தப்பும் மாற்றங்கள் ஒரே கிருமிக்கு ஒருசேர வாய்ப்பது மிக அரிது.

எனக்கு மிகவும் பிடித்த கூட்டு வேறொன்று. கார்பாபெனம் என்னும் வலிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளையே சிதைத்துவிடும் என்.டி.எம். என்ற நொதியைச் சில கிருமிகள் சுரக்கின்றன. அந்த நொதியால் அஸ்ட்ரியோனம் என்னும் மருந்தைச் சிதைக்க முடியாது. ஆனால் அக்கிருமிகள் பெரும்பாலும் வேறு நொதிகளையும் வைத்திருக்கும். அவை அஸ்ட்ரியோனத்தை அழித்துவிடும். உடன் சேர்க்கும் அவிபாக்டம் என்னும் மருந்து அந்த மற்ற நொதிகளை முடக்குகிறது. அது என்.டி.எம்.மைத் தொடுவதும் இல்லை, தானே கிருமியைப் பெரிதாகக் கொல்வதும் இல்லை. கொல்லும் மருந்துக்கு வழிவிட்டு நிற்பதே அதன் வேலை.

காரணம் இவ்வளவு தெளிவாக இல்லாத இடங்களில்தான் ஏமாற்றம் மிகுதி. கார்பாபெனத்துக்கு அடங்காத கிருமிகளுக்குக் கொலிஸ்டின் என்னும் மருந்தைத் தனியாகவும், கார்பாபெனம் வகையைச் சேர்ந்த மெரோபெனத்துடன் சேர்த்தும் கொடுத்து 406 நோயாளிகளிடம் ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வெளிவந்தது. அவர்களுள் பெரும்பாலோருக்கு இருந்தது அசினெட்டோபாக்டர் என்னும் கிருமி. சேர்த்ததால் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. மெதிசிலின் மருந்துக்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியான எம்.ஆர்.எஸ்.ஏ.வால் வரும் இரத்தத் தொற்றில், வழக்கமான மருந்துடன் பெனிசிலின் குடும்பத்து பீட்டா-லாக்டம் மருந்தைச் சேர்த்துப் பார்த்த ஆய்வையோ, சிறுநீரகப் பாதிப்பு கூடியதால் இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. இவ்விரு கூட்டுகளும் சோதனைக் குழாயில் நன்றாகவே வேலை செய்தவை. அந்த முடிவுகளைப் பார்த்து அந்நாளில் நானும் மகிழ்ந்தவன்தான்.

தமையனாருக்குக் கொடுத்தவற்றில் கொலிஸ்டினும் ஒன்று என்று எழுதியிருந்தீர்கள். அதுவும் சிறுநீரகத்தை வாட்டக்கூடியது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினின் அளவைக் கேட்டு எனக்கு எழுதுங்கள். கிருமி எந்தெந்த மருந்துக்கு அடங்கும் என்று காட்டும் மருந்து உணர்திறன் அறிக்கையின் நகல் கிடைத்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்