ஆபீஸ் முகவரிக்கு ஒரு கடிதம்

மஞ்சக்குப்பம், கடலூர்.
ஞாயிறு காலை.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நலம். போனில் கூப்பிட்டால் மூன்றாவது நிமிஷமே "மீட்டிங் இருக்குப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். வீடு மாற்றிவிட்டதாக அம்மாவிடம் சொன்னாயாம். புது வீட்டு முகவரி கேட்டதற்கு ஆபீஸ் முகவரியை அனுப்பியிருக்கிறாய். சரி, அதற்கே எழுதுகிறேன். பார்சலில் மல்லாட்டையும் வடகமும் வைத்திருக்கிறாள் அம்மா. வடகத்தை ஆபீஸில் வைத்துப் பிரித்துவிடாதே, நம்ம வீட்டு வடகத்தின் வாசனை உனக்கே தெரியும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரியில் வெறும் பிஸ்கெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். நீ படித்த பள்ளியில் வருகிற சனிக்கிழமை விளையாட்டு விழா. பி.டி. உஷாவின் வாழ்நாள் சாதனையைப் பற்றி நான் பத்து நிமிஷம் பேச வேண்டும் என்று தலைமையாசிரியை வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். மின்வாரியத்தில் கணக்கு எழுதி ரிட்டயர் ஆனவனுக்கு மைக் எதற்கு என்று நினைப்பாய். உனக்கு யார் பேரை வைத்தேன் என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியுமே, அந்த ஒரு தகுதிதான்.

பச்சை ரெக்சின் நோட்டை எடுத்தேன். தானே புயலில் ஓடு பறந்தபோது நனைந்தது, பக்கமெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து கிடக்கிறது. ஆனாலும் படிக்க முடிகிறது. விருதுகளைச் சொல்வது சுலபம். 1985ல் பத்மஸ்ரீ. 2020ல் பி.பி.சி.யின் வாழ்நாள் சாதனையாளர் விருது. 2022ல் மாநிலங்களவை நியமன உறுப்பினர், அதே வருஷக் கடைசியில் இந்திய ஒலிம்பிக் சங்கத்துக்கு முதல் பெண் தலைவர். இதை மட்டும் வாசித்தால் முன்வரிசைப் பிள்ளைகள் கொட்டாவி விடும். நான் என்றால் நானும் விடுவேன்.

சியோலைச் சொல்லலாம். 1986 ஆசியப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த தங்கமே மொத்தம் ஐந்து. 200 மீட்டர், 400 மீட்டர், 400 மீட்டர் தடை ஓட்டம், தொடர் ஓட்டம் என்று நாலில் உஷா இருந்தார். மிச்சம் ஒன்று மல்யுத்தத்தில் கர்தார் சிங். அந்தப் போட்டி முடிந்து பத்தாம் நாள் நீ பிறந்தாய். உங்கள் ஆத்தா குலதெய்வத்தின் பேரைத்தான் வைக்கணும் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள். நான் அசையவில்லை. அதையெல்லாம் நீ நூறு தடவை கேட்டிருப்பாய்.

ஆனால் எனக்கு எப்போதும் லாஸ் ஏஞ்சல்ஸ்தான். பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டத்தை ஒலிம்பிக்கில் சேர்த்ததே 1984ல்தான். தங்கம் மொராக்கோவின் நவால். அன்று பிறந்த பெண் குழந்தைகளுக்கெல்லாம் நவால் என்றே பேர் வைக்கச் சொன்னாராம் அந்த நாட்டு ராஜா. (பேர் வைக்கும் பைத்தியம் எனக்கு மட்டும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.) வெண்கலம் ருமேனியாக்காரிக்கு, 55.41 வினாடி. உஷா 55.42. அங்கே கஞ்சியும் ஊறுகாயும்தான் சாப்பிட்டேன் என்று பிற்பாடு அவரே சொன்னார். பஸ் ஸ்டாண்டு டீக்கடை ரேடியோவில் கேட்டுவிட்டு நான் டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தது ஞாபகம் இருக்கிறது.

நேற்று ராத்திரி கணக்குப் போட்டேன். அந்த வேகத்தில் வினாடியில் நூறில் ஒரு பங்கு என்றால் ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர். நாலு விரலைச் சேர்த்து மேசை மேல் வைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான்.

பொங்கலுக்கு மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை, திரும்பவும் கூப்பிடவில்லை. வேலை இருந்திருக்கும். எந்த வருஷமும் அவர்தான் முதலில் கூப்பிடுவார், அதனால் சொன்னேன். சின்னவனிடம் பேசினால் பள்ளிக்கூடம், கிரிக்கெட் என்று ஏதோ சொல்கிறான், அப்பா என்கிற வார்த்தையே வாயில் வருவதில்லை. நான் எதையும் கேட்கவில்லை. நீ சாப்பிடுகிறாயா என்பதுதான் என் கேள்வி. போன மாதம் வீடியோவில் பார்த்தபோது கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பத்து பேருக்குச் சம்பளக் கையெழுத்துப் போடுகிற அதிகாரி என்று தெருவெல்லாம் உன்னைச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அப்படிப்பட்டவள் பெற்றவர்களிடம் ஒரு வீட்டு முகவரியைச் சொல்ல இவ்வளவு யோசிக்கலாமா?

சரி, விடு.

2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசியப் போட்டியில் நம்ம கோயம்புத்தூர்ப் பெண் வித்யா ராம்ராஜ் அச்சு அசலாக அதே 55.42 ஓடினாள். முப்பத்தொன்பது வருஷம் அசையாமல் கிடந்த தேசிய சாதனை, தகுதிச் சுற்றில் சமன் ஆனது. மறுநாள் வெண்கலமும் வாங்கினாள். டி.வி.யில் அந்த எண்ணைப் பார்த்ததும் முதலில் உன்னைத்தான் கூப்பிட்டேன். "ஓ, அப்படியா" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. அப்பா ஆசையாகச் சொல்கிறேன், இவளுக்கு ஒட்டவே இல்லையே என்று அம்மாவிடம் புலம்பினேன். அவள் அரிசியைப் புடைத்துக்கொண்டே, "நாலாவதாக வந்தவளைப் பத்தி அவகிட்ட எதுக்குப் பேசுறீங்க" என்றாள்.

அப்போது புரியவில்லை. நேற்று பேச்சை எழுதும்போது "நாலாவது" என்ற சொல்லில் வந்து பேனா நின்றது. அதற்கு மேல் போகவில்லை.

2001. நீ பத்தாவது. அண்ணா விளையாட்டரங்கத்தில் மாவட்டப் போட்டி, 400 மீட்டர். மண் தரை, சுண்ணாம்புக் கோடு. சீனியர் அக்காவிடம் இரவல் வாங்கிய ஸ்பைக் ஷூ, ஒரு அளவு பெரியது, நுனியில் பஞ்சை அடைத்திருந்தாய். கடைசி வளைவில் நீ இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாய். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக் கத்தினேன். கோட்டருகே மூன்று பேர் ஒட்டிக்கொண்டு வந்தீர்கள். மூன்றாம் இடம் பார்க்க உட்கார்ந்திருந்தவரும் நாலாம் இடம் பார்க்க உட்கார்ந்திருந்தவரும் படிக்கட்டிலேயே கொஞ்ச நேரம் வாதாடினார்கள். முடிவில் நீ நாலாவது.

மூச்சு வாங்கிக்கொண்டு ஓடி வந்தாய். முழங்கால் வரை செம்மண். சிரித்துக்கொண்டுதான் வந்தாய், அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் என்ன சொன்னேன்? "நாலாவதுக்கு சர்டிபிகேட்கூடக் கிடையாது. வெச்ச பேரையாவது நெனச்சு ஓடியிருக்கலாம்." உன் சிநேகிதிகள் எல்லாம் பக்கத்தில் நின்றார்கள். டவுன் பஸ்ஸில் உன் பக்கத்து இடம் காலியாக இருந்தும் நான் முன்னால் போய் நின்றுகொண்டேன். மறுநாள் நீ ஷூவைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாய். அப்புறம் ஓடவில்லை. பத்தாவது பரீட்சைக்காக நிறுத்தினாள் என்று நான்தான் எல்லாரிடமும் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜமாகிவிட்டது.

நாலு விரல் அகலத்துக்காக முன்பின் தெரியாத ஒரு பெண்ணை நினைத்து நாற்பது வருஷம் உருகியிருக்கிறேன். லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அடுத்த வருஷம்தான் ஜகார்த்தா. ஆசியத் தடகளத்தில் ஐந்து தங்கம், ஒரு வெண்கலம். நாலாவதாக வந்த பெண்ணின் பக்கத்தில் பயிற்சியாளர் நம்பியார் சார் நின்றார். என் பெண் வந்தபோது நான் பஸ்ஸின் முன்படியில் நின்றேன்.

இதை இத்தனை வருஷம் கழித்து எழுதுவதால் எதுவும் ஆகப்போவதில்லை. ஆனால் இன்னும்கூட நாலாவதாக வந்தால் அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாயோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. வேறெதற்காகவும் சொல்லவில்லை.

மாடி அறையிலிருந்த என் பழைய பைல்களைக் கீழே இறக்கிவிட்டேன். புது ஃபேன் மாட்டியாயிற்று. ஜன்னலோரம் சின்னவன் உயரத்துக்கு ஒரு மேசை போட்டிருக்கிறேன். சும்மாதான். தெருவில் கேட்டால் வாடகைக்கு விடப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பெங்களூரு பஸ் விடியற்காலையில்தான் வந்து சேர்கிறது. எத்தனை மணியானாலும் போன் பண்ணு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறேன். பண்ணாமல் வந்தாலும் பரவாயில்லை, கொல்லைப்புறச் சாவி பழைய இடத்திலேதான் இருக்கிறது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். சொல்ல முடிந்தால் சொல்.

இப்படிக்கு,
அப்பா

மல்லாட்டை இந்த வருஷம் பொடிசுதான். வறுக்காமல் அவித்துச் சாப்பிடு.