அந்த இரண்டு குத்துக்கல்லையும் திரும்ப நட்டுக்கொடுங்கள்

புது ஆற்றுக் கரைக்குப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, வணக்கம்.

புது ஆறு என்று நாம் சொல்லும் கல்லணைக் கால்வாயில், எங்கள் ஊர் மதகடியில், கரைப்பாதை தொடங்கும் இடத்தில் நின்ற இரண்டு குத்துக்கல்லைப் பற்றித்தான் இந்த மடல். தூர்வார வந்த பொக்லைனுக்கு வழி வேண்டும் என்று ஏப்ரல் மாதம் பிடுங்கினார்கள். வேலை முடிந்தது, வண்டி போனது, கல்லணையிலிருந்து தண்ணீரும் வந்து சேர்ந்துவிட்டது. கல் இரண்டும் இன்னும் பூவரச மரத்தடியில்தான் கிடக்கின்றன.

இரண்டுக்கும் நடுவே நாலடி இடைவெளி இருந்தது. சைக்கிள் போகும், மாடு போகும், தலையில் புல்லுக்கட்டோடு ஆள் போகும். டிப்பர் லாரி போகாது. பார்வைக்கு வருகிறவர்களின் ஜீப் எப்போதும் அடுத்த பாலத்தில், பூட்டுப் போட்ட கம்பியைத் திறந்துதான் கரை ஏறும். ஆகவே அந்தக் கற்களால் யாருக்கும் இடைஞ்சல் இருந்ததில்லை.

கல் போன மறுவாரமே மண் லாரி வர ஆரம்பித்துவிட்டது. மெயின் ரோட்டைச் சுற்றிப் போவதற்குப் பதில் கரையில் போனால் அவர்களுக்கு நேரம் மிச்சம், டீசல் மிச்சம். எங்களுக்கு என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல அனுமதியுங்கள்.

கரையின் அகலம் எங்கள் பக்கத்தில் 12 அடி. லாரி எட்டடியை எடுத்துக்கொள்ளும். மீதி நாலடி என்று கணக்குக்குச் சொல்லலாம், ஆனால் இரண்டு ஓரமும் இளகிய மண். ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் வயலுக்கு இறங்கும் சரிவு. எதிரே லாரி தெரிந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். வயல் பக்கச் சரிவில் கருவை முள்ளுக்கு நடுவே குதிகாலை ஊன்றிக்கொண்டு, சைக்கிளை இடுப்போடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். லாரி போகும். புழுதி அடங்கும்வரை கண்ணைத் திறக்க முடியாது. அப்புறம் சைக்கிளை மேலே தள்ளி ஏற்ற வேண்டும். போன மாதம் ஒரு காலையில் ஊரிலிருந்து அடுத்த பாலம் வருவதற்குள் ஏழு தடவை இப்படி இறங்கி ஏறினேன். எனக்கு வயது 46, உடம்பில் தெம்பு இருக்கிறது. என் மகளுக்கு 16.

அவள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில், முதுகில் புத்தகப் பையோடு, கரை வழியாகத்தான் பள்ளிக்கூடம் போவாள். போன செவ்வாய்க்கிழமை பின்னாலிருந்து வந்த லாரி ஹாரன் அடித்தபடி நெருங்கியிருக்கிறது. பதறிப்போய் ஓரத்தில் இறக்கியிருக்கிறாள். மண் சரிந்து, சைக்கிளோடு உருண்டு வரப்பில் போய் விழுந்திருக்கிறாள். முழங்கை இரண்டும் உரிந்துவிட்டது, முன்சக்கரம் எட்டுப் போட்டுவிட்டது. லாரி நிற்கவில்லை. நாற்று நட வந்த அக்காமார்கள்தான் தூக்கி உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள்.

அவள் வயல் பக்கம் விழுந்ததை நினைத்துத்தான் இந்த ஒரு வாரமாக ராத்திரி தூங்க முடிகிறது. ஆற்றுப் பக்கச் சரிவு கான்கிரீட் ஆன இடங்களை நீங்கள் அறிவீர்கள். தண்ணீர் ஓடும்போது அங்கே விழுந்தால் பிடித்து ஏற ஒரு புல் கூடக் கிடையாது.

இப்போது மெயின் ரோட்டில் டவுன் பஸ்ஸுக்கு நிற்கிறாள். பஸ் வந்தால் பள்ளிக்கூடம், வராவிட்டால் முதல் பீரியட் போச்சு.

மனு கொடுக்காமல் இதை எழுதவில்லை. மூன்று முறை கொடுத்தேன். முதல் தடவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் தடவை, கல்லை நட்டது யார் என்று கேட்டார்கள். மூன்றாம் தடவை, இது வேறு பிரிவு என்று இன்னொரு கட்டடத்துக்கு அனுப்பினார்கள், அங்கேயும் அதையே சொன்னார்கள். பிடுங்கும்போது எந்தப் பிரிவு என்று யாரும் கேட்கவில்லையே ஐயா. பிடுங்கிய கல்லை நட ஏன் இத்தனை பிரிவு?

இந்தக் கரையின் அருமை உங்களுக்குத் தெரியாதது இல்லை. கல்லணையில் தண்ணீர் நான்காகப் பிரிகிறது: கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, அப்புறம் நம்முடைய புது ஆறு. மேட்டூர் அணையோடு 1934-ல் வந்த கால்வாய்க்கு 90 வயது தாண்டியும் நாங்கள் புது ஆறு என்றுதான் சொல்கிறோம். தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்று சரிவைப் பார்த்துப் பார்த்து வெட்டிய கால்வாய். அதனால் அதன் கரையிலும் ஏற்றம் இறக்கம் தெரியாது. பத்து வயதுப் பிள்ளையும் மூச்சு வாங்காமல் மிதிக்கலாம், எழுபது வயதுப் பெரியவரும் மிதிக்கலாம். இப்படி ஒரு சைக்கிள் பாதையைப் புதிதாகப் போட நினைத்தால் எத்தனை கோடி ஆகும், எத்தனை பேருடைய நிலத்தை எடுக்க வேண்டும்? நமக்கு அது ஏற்கெனவே கிடைத்திருக்கிறது.

பதினைந்து வருடமாக ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இந்தக் கரையில் சைக்கிள் மிதிக்கிறேன். ஒரு வாரம் மேற்கே கல்லணைப் பக்கம், ஒரு வாரம் கிழக்கே தஞ்சாவூர். கல்விராயன்பேட்டை தாண்டி, பெரிய கோயிலை ஒட்டி ஆறு திரும்பும் இடம்வரை போவேன். ரோட்டில் காரில் வருகிறவர்களுக்குக் கடை போர்டுகளுக்கு நடுவிலிருந்து திடீரென்று கோபுரம் எதிரே நிற்கும். கரையில் வருகிறவனுக்கு அப்படியில்லை. முதலில் தென்னந்தோப்புக்கு மேலே கலசம் மட்டும் தெரியும், அப்புறம் மறையும், இன்னொரு வளைவில் பாதி விமானம் தெரியும். 1010-ல் ராஜராஜன் கட்டி முடித்தபோது மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் வந்தவர்கள் இப்படித்தானே கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்திருப்பார்கள்? 216 அடி உயரத்தை அந்த வேகத்தில் பார்த்தால்தான் மனசுக்குள் வாங்க முடிகிறது. தஞ்சாவூரைத் தாண்டித் தென்கிழக்கே இன்னும் போனால் ஒரத்தநாடு. அங்கே சரபோஜி மன்னர் கட்டிய முத்தம்பாள் சத்திரம் இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கு நடந்து போனவர்கள் தங்கிச் சாப்பிடக் கட்டியது. நடந்து போகிறவர்களை நினைத்து ஊருக்கு ஊர் சத்திரம் கட்டி வைத்த சீமை இது.

இன்றைக்கு நடப்பவனுக்கும் சைக்கிள்காரனுக்கும் ரோட்டில் என்ன இடம் இருக்கிறது? அகலப்படுத்துகிறோம் என்று இரண்டு பக்கத்துப் புளியமரங்களையும் வெட்டினார்கள். நிழல் போனது, மண் ஓரம் போனது. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒன்றரை அடி மிஞ்சியது, அதிலும் வேன் நிற்கிறது. ஒரு பக்கம் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சைக்கிள் கொடுக்கிறோம், மறு பக்கம் அதை ஓட்ட இருந்த இடத்தையெல்லாம் எடுத்துக்கொள்கிறோம். இதைச் சொல்லும்போது வயிறு எரிகிறது. குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்க வந்தது அந்த இரண்டு கல்லைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்லுக்குப் பதிலாகக் கரைக்குத் தார் ரோடு போட்டுத் தருவதாக ஊரில் பேச்சு அடிபடுகிறது. தயவுசெய்து வேண்டாம். தார் போட்டால் லாரியோடு காரும் வரும், வேகம் இரண்டு மடங்காகும். கரை என்பது கொட்டிய மண், வருடா வருடம் கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும். தார் அதில் வெடிக்கும், வெடிப்பில் மழைத் தண்ணீர் இறங்கும், அடியில் குழி விழும். கிராவல் அப்படியில்லை. வயல் பக்கம் லேசாகச் சாய்த்து, ரோலர் விட்டு அழுத்திப் போட்டால் தண்ணீர் நிற்காது. பள்ளம் விழுந்தால் ஒரு டிராக்டர் மண்ணில் சரியாகிவிடும். வெகுதூரத்திலிருந்து வரவும் வேண்டாம், வல்லம், செங்கிப்பட்டிப் பக்கம் இருப்பதே அந்தச் சிவந்த மண்தான். மழைக்காலத்தில் களிமண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு நகரவிடாத இடங்களில் மட்டும் போட்டால்கூட எங்களுக்குப் போதும்.

அமெரிக்காவில் வாஷிங்டன் நகரத்திலிருந்து மேற்கே செசபீக்–ஒஹாயோ கால்வாய் என்று ஒன்று இருக்கிறது. படகை இழுத்துக்கொண்டு கோவேறு கழுதைகள் நடந்த கரை, ஏறக்குறைய 297 கிலோமீட்டர் நீளம். அதைக் கார்கள் போகும் ரோடாக்கத் திட்டம் போட்டார்கள், ஒரு பெரிய பத்திரிகையும் ஆதரித்து எழுதியது. 1954-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், அந்தப் பத்திரிகை ஆசிரியர்களைத் தன்னோடு அந்தக் கரையில் நடக்க வரச் சொன்னார். வந்தார்கள், கால் கொப்பளித்தது, பத்திரிகையின் நிலைப்பாடும் மாறியது. 1971-ல் அது தேசியப் பூங்கா ஆனது. இன்றைக்கும் அங்கே மண் பாதைதான், நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும்தான்.

நான் நீதிபதி இல்லை, ஆனாலும் உங்களைக் கூப்பிடுகிறேன். ஒரு நாள் காலை ஜீப்பை அடுத்த பாலத்தில் விட்டுவிட்டு மதகடிவரை நடந்து வாருங்கள். உங்களுக்கும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருப்பார்கள். எதிரே லாரி வரும்போது எங்கே ஒதுங்கி நிற்க வேண்டும் என்று நான் காட்டுகிறேன்.

அந்த இரண்டு கல்லையும் திரும்ப நட்டுக்கொடுங்கள் ஐயா. செலவு வேண்டாம். கடப்பாரை எங்களிடம் இருக்கிறது, சிமெண்டும் ஜல்லியும் நாங்கள் வாங்கிக்கொள்கிறோம், ஊரில் பத்துப் பேர் வரத் தயாராக இருக்கிறார்கள். நாங்களாக நட்டால் அரசு இடத்தில் கை வைத்தோம் என்று ஆகிவிடும், அதனால்தான் காத்திருக்கிறோம். அனுமதி என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும், அல்லது உங்கள் ஆள் ஒருவர் நேரில் வந்து நின்றாலும் போதும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு மதகடியில் இருப்போம். மகளின் சைக்கிள் சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கக் கொடுத்திருக்கிறேன், சனிக்கிழமை வந்துவிடும்.

இப்படிக்கு,
புது ஆற்றுக் கரையில் சைக்கிள் மிதிக்கும் ஒரு தகப்பன்