ஒரு பானைச் சோறும் முப்பத்தாறு உலையும்

லிந்துலை
25.01.2026

அன்பு மச்சான்,

நவம்பரில் நீ அனுப்பிய மூன்று வொய்ஸ் மெசேஜுக்கும் பதில் போடாமல் விட்டது தப்புத்தான். முதலில் கோபத்தில் போடவில்லை. அப்புறம் டித்வா புயல் வந்துவிட்டது. மேட்டு லயத்துக்குப் பின்னால் மண் இறங்கி, பதினொரு குடும்பம் ஸ்கூலில்தான் கிடந்தது. எங்கள் வீட்டுக்கு ஒன்றும் இல்லை. அம்மா உன்னை விசாரித்தார். டிரைவர் மாமா சுகம், அதே தொப்பிதான்.

சரி, விஷயம் இதுதான். நாஸ்காரில், அதுதான் நம்ம அமெரிக்கக் கார் பந்தயத்தில், ப்ளேஓஃபைத் தூக்கிவிட்டார்கள்! இம்மாதம் 12ஆம் திகதி அறிவித்தார்கள். இனிமேல் நாலு பேரைக் கடைசிப் போட்டியில் நிறுத்தி, அவர்களில் முன்னால் வருகிறவனுக்குக் கிண்ணம் என்ற கதை கிடையாது. வருஷத்தின் 36 போட்டியில் 26 முடிந்ததும், புள்ளியில் முதல் 16 பேர் மட்டும் பட்டத்துக்குப் போட்டி. மிச்சம் 10 போட்டியிலும் யாரையும் வெட்ட மாட்டார்கள். கூடிய புள்ளி எடுத்தவன் சாம்பியன். 2004இல் தொடங்கிய பழைய சேஸ் முறைக்கே திரும்பிவிட்டார்கள் என்று சொல்லலாம். செய்தியைப் பார்த்ததும் கராஜில் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டேன்.

உனக்கு இது பிடிக்காது என்று தெரியும். போன வருஷக் கடைசிப் போட்டி, ஃபீனிக்ஸ் முடிந்த அன்றைக்கு "பார்த்தியாடா, இதுதான் பைனல்" என்று கத்தியவன் நீ. நானும் அந்த ராத்திரி முழுக்கப் பார்த்தேன். ஒன்றரை மணிக்கு எழும்பி, அடுப்படியில் போனை அரிசி டின்னில் சாய்த்து வைத்து, தேத்தண்ணியோடு உட்கார்ந்தேன். கடைசி நாலு பேரில் ஹாம்லினும் லார்சனும் இருந்தார்கள். ஹாம்லின் 208 சுற்று முன்னால் ஓடினான். அறுபது வெற்றி எடுத்தும் ஒரு பட்டம் இல்லாத மனுசன். இன்னும் மூன்று சுற்றுத்தான். வீட்டுக்காரி தோட்டத்தில் காலைப் பிரட்டுக்குப் பேர் கொடுக்கப் போக எழும்பி வந்து, என் முகத்தைப் பார்த்து "வெண்டுட்டாரா?" என்று கேட்கிறாள். அந்த நேரம் இன்னொரு ஓட்டுநர் பைரனின் டயர் போய், மஞ்சள் கொடி; எல்லாரும் வேகத்தைக் குறைத்து ஒன்றாகச் சேர்ந்துவிட்டார்கள். ஹாம்லின் நாலு டயரும் மாற்றினான், லார்சன் ரெண்டோடு வெளியே வந்தான். கடைசியில் லார்சன் மூன்றாமிடம், ஹாம்லின் ஆறாமிடம். அன்றைக்கு ஒரு சுற்றுக்கூட முன்னால் ஓடாதவன் சாம்பியன். லார்சன் மேல் எனக்குக் கோபமில்லை, அவன் கெட்டிக்காரன். கோபமெல்லாம் அந்தச் சட்டத்தின் மேல்.

நீ எப்போதும் சொல்வதைத்தான் இப்போதும் சொல்வாய்: ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். மச்சான், ஒரு பானை என்றால் ஒரே உலை, ஒரே நெருப்பு. இங்கே 36 போட்டி. டேடோனா ஓடுபாதை ஒரு மாதிரி, மார்ட்டின்ஸ்வில் இன்னொரு மாதிரி. முப்பத்தாறு உலை வைத்துவிட்டுக் கடைசிப் பானையில் மட்டும் ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்த்தால் எப்படி?

இந்த வியாதி தொடங்கியதே ஒரு நல்ல எண்ணத்தில்தான். 2003இல் கென்செத் ஒரே ஒரு வெற்றியோடு பட்டம் எடுத்தான். எட்டு வெற்றி எடுத்த நியூமன் ஆறாமிடம். வெல்கிறவனுக்கு மதிப்பில்லையே என்று குறை வந்தது, அடுத்த வருஷமே சேஸ். அது போதவில்லை என்று 2014இல் பதினாறைப் பன்னிரண்டாக்கி, எட்டாக்கி, நாலாக்கும் வெட்டு முறை. முதல் வருஷமே என்ன நடந்தது? அதே நியூமன், ஒரு வெற்றிகூட இல்லாமல் கடைசி நாலுக்குள் வந்து ரெண்டாமிடம்! 2020இல் ஹார்விக் ஒன்பது வெற்றி எடுத்தும் அந்த நாலு பேரில் இல்லை. 2024இல் லோகானோ வெட்டுப்பட்டு வீட்டுக்குப் போனவன். போமனின் கார் எடை குறைந்து தகுதி இழந்ததால் திரும்ப உள்ளே வந்து, கிண்ணத்தையும் தூக்கிவிட்டான்.

நுவரெலியா மாகஸ்தோட்ட ஹில் க்ளைம்பை, அந்த மலையேறும் கார் பந்தயத்தை, நீ இழுப்பாய். "அங்கே ஒரு நாள்தானே, அதை மட்டும் வாயைப் பிளந்து பார்க்கிறாயே" என்பாய். பார்ப்பேன்தான். அந்த வளைவில் வேலியைப் பிடித்துக்கொண்டு நாம் நின்ற ஏப்ரலெல்லாம் எனக்கு மறக்காது. ஆனால் அங்கே வெல்கிறவன் அன்றைய மலைக்குத்தான் ராஜா. வருஷம் முழுவதற்கும் அவனே கெட்டிக்காரன் என்று யாரும் சொல்வதில்லை.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று. என் சின்ன மகளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மூன்று புள்ளி குறைந்துவிட்டது. வருஷம் முழுக்க வகுப்பில் முதல் பிள்ளை. பரீட்சைக்கு முதல்நாள் காய்ச்சல், மருந்தைக் குடிக்க வைத்துத்தான் கூட்டிப் போனேன். முடிவு வந்த அன்று அவள் அழவில்லை. கொப்பிகளை எல்லாம் அடுக்கி, நூல் கட்டி, கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டாள். ஃபீனிக்ஸ் முடிந்து நான் எழும்பாமல் உட்கார்ந்திருந்தது ஹாம்லினுக்காக மட்டும் இல்லை மச்சான்.

புது முறையிலும் எனக்கு ஒரு குறை உண்டு. 26 போட்டியில் ஒருவன் எவ்வளவு தூரம் முன்னால் போயிருந்தாலும், புள்ளியைத் திரும்ப அடுக்கும்போது அவனுக்கு 2100, ரெண்டாமவனுக்கு 2075. இருபத்தைந்து புள்ளிதான் வித்தியாசம். ஒரு டயர் வெடித்தால் போயிற்று. வெற்றிக்கு 55 புள்ளி ஆக்கியது சரி, ஆனால் என்னைக் கேட்டால் முப்பத்தாறையும் சேர்த்தே கூட்ட வேண்டும். இருந்தாலும் இது பெரிய காரியம்தான். முதல் நாள் கெட்டால் இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

பெப்ரவரி 15 டேடோனா. ஹட்டன் டவுனில் ஒரு சீஆர் கொப்பி வாங்கி வந்தேன். முந்தி மொட்டை சேரின் வகுப்பில் பின் வாங்கில் உட்கார்ந்து நாம் புள்ளி போட்ட மாதிரியே போடப்போகிறேன். சின்னவள்தான் கோடு போட்டாள், ஒரு போட்டிக்கு ஒரு பக்கம். உன் ஆட்கள் யார் யார் என்று எழுதி அனுப்பு, அவர்களை எந்த நிறத்தில் எழுதுவது என்று கேட்கிறாள்.

உன்,
மச்சான்