மாப்ள, நம்ம எஞ்சினுக்கு வெல பேச ஆள் வந்துருக்கு

மாப்ள, நல்லாருக்கியா? தங்கச்சி, பிள்ளைக எல்லாம் சௌக்யமா? இங்க அம்மாவுக்கு முட்டி வலிய விட்டா ஒண்ணும் குறையில்ல. வெயில்தான், தெப்பக்குளத்துல சாயங்காலம் ஆறு மணிக்குக்கூட கல்லுல உக்கார முடியல.

விஷயத்துக்கு வாரேன். ஹாஸ்டல்ல ராவெல்லாம் முழிச்சு, கம்ப்யூட்டரே செஸ் ஆடுற ஒரு எஞ்சின் எழுதுனோமே, ஓசியில நெட்டுல போட்டு நாலு பேரு டவுன்லோடு பண்ணா அன்னைக்கு நமக்குத் திருவிழாவா இருக்குமே, அதுக்கு ஒருத்தர் இப்ப காசு தர்றேங்கிறார். அண்ணாநகர்ல செஸ் கிளாஸ் நடத்துறவரு, குகேஷ் சாம்பியன் ஆனதுக்கப்புறம் பிள்ளைக கூட்டம் தாங்கலையாம். அம்புட்டு பலமான எஞ்சின் ஸ்டாக்ஃபிஷ்ஷே ஓசியில கெடைக்குதே, எங்களது எதுக்கு சார்னு கேட்டேன். "அது பிள்ளைகள அடிச்சுத் தூக்கிருது, உங்களது நல்லா தப்பு பண்ணுது சார்"னாரு! நீ எழுதுன எண்ட்கேம், அந்தக் கடைசிக் கட்ட ஆட்டந்தான்டா, கையில ராணி இருக்கும், எதிராளி ராஜாவ மூலைக்கு ஓட்டிட்டுப் போயி நகர வழியில்லாம ஸ்டேல்மேட் குடுத்து ஆட்டத்த டிரா பண்ணிட்டு நிக்குமே, அது இன்னும் அப்படியே இருக்கு. தோக்க இருந்த ஒரு எட்டு வயசுப் பொடிசு அதப் பாத்துட்டு சேர் மேல ஏறி நின்னு குதிச்சுச்சு, நான் நேர்லயே பாத்தேன்.

ஆனா சோர்ஸ், அதான் நாம எழுதுன கோடு, யாருக்கும் தரக்கூடாது, தன் பேர மட்டும் போடணுங்கிறாரு. அங்கிட்டுத்தான் இடிக்குது. ராத்திரி ஃபைலத் தொறந்து பாத்தா யாரு கை ஓங்கிருக்குன்னு மார்க் போடுற இவாலுவேஷன்ல பாதி, ஃப்ரூட்ங்கிற எஞ்சின்லருந்து எடுத்தது மாப்ள, ஃபேபியன் லெத்தூசே 2005ல ஜிபிஎல்ங்கிற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்ல விட்டாரே அந்த 2.1, சிப்பாய்க்குப் போடுற போனஸ் நம்பரக்கூட நாம மாத்தல. அவரே அடுத்த வெர்ஷன காசுக்குத்தான் வித்தாரு, அது அவரு எழுதுனது, அவரு இஷ்டம். நம்ம கத அப்படியா?

ஜிபிஎல்னா விக்கவே கூடாதுன்னு இல்ல, ஆயிரம் ரூவாய்க்குக்கூட விக்கலாம், ஆனா வாங்குறவனுக்கு சோர்ஸும் சேத்துக் குடுக்கணும், அவன் அத ஊருக்கே ஓசியில குடுத்தாலும் நாம தடுக்க முடியாது. 2021ல செஸ் சாஃப்ட்வேர் விக்கிற செஸ்பேஸ் கம்பெனிக்காரங்க ஸ்டாக்ஃபிஷ்ல வேற நெட்வொர்க்க வச்சு ஃபேட் ஃப்ரிட்ஸ் 2ன்னு வித்தாங்கள்ல, அதுவும் ஜிபிஎல்தான், அத மீறிட்டாங்கன்னு ஸ்டாக்ஃபிஷ் ஆளுக கேஸே போட்டுட்டாங்க, 2022 நவம்பர்ல சமரசம், ஒரு வருஷம் ஸ்டாக்ஃபிஷ்ஷ எங்க சரக்குல வச்சு விக்க மாட்டோம்னு ஒத்துக்க வேண்டியதாப் போச்சு. அம்புட்டுப் பெரிய கம்பெனிக்கே அந்தப் பாடு.

அதனால அவர்ட்ட வேற மாதிரி சொல்லிப் பாத்தேன். எஞ்சின் சோர்ஸோட ஓசியாவே இருக்கட்டும், எந்த மூவ்ல கோட்ட விட்டேன்னு பிள்ளைகளுக்குத் தமிழ்ல சொல்ற புரோக்ராம் ஒண்ணத் தனியா எழுதித் தாரேன், அது யூசிஐங்கிற பொதுவான பேச்சுமுறை வழியா எஞ்சினோட பேசிக்கிரும், அதுக்குக் காசு குடுங்கன்னு. யோசிக்கிறேன்னுட்டு டீக்குக் காசக் குடுத்துட்டுக் கெளம்பிட்டாரு. இல்லேன்னா அந்தப் பாதிய ஃப்ரூட்டப் பாக்காம நாமளே புதுசா எழுதணும். எனக்கு ஆசதான், ஆனா கண்ணாடி போடாம கோடு தெரியாத வயசாயிருச்சே.

நீ பாதிப் பங்காளி, ஒன்னக் கேக்காம தலையாட்ட மாட்டேன். இன்னொண்ணு, ஏற்கனவே கணக்குப் போட்ட நெலைய ஞாபகம் வச்சுக்கிற ஹேஷ் டேபிள் பக்கத்தச் சரி பண்ணி வெளிநாட்டுலருந்து ஒருத்தன் மெயில்ல அனுப்புனான்ல, அவன் பேரு எனக்கு சுத்தமா மறந்துருச்சு, எது செஞ்சாலும் அவனையும் கேக்கணும். பழைய சிடி ஒங்க வீட்டுப் பரண்ல கெடக்கான்னு பாத்து சொல்லு, ரீட்மீ ஃபைல்ல பேரு போட்டுருப்போம்.