மகனுக்கு: சீட்டு விழாத யோசேப்பு பத்தி

அன்பு தம்பிக்கு அம்மா எழுதுறது. இங்க அப்பா, ஆச்சி, நான் எல்லாரும் கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கோம். உன் சுகத்துக்காக ராத்திரியும் பகலும் ஜெபிக்கிறோம். வாட்ஸப்ல தான் டைப் பண்ண ஆரம்பிச்சேன், ரொம்ப நீளமா போகுது, அதான் அக்கா மெயில்ல எழுதுங்கம்மானு சொல்லி திறந்து குடுத்தா. ஒரேடியா படிக்க வேண்டாம், நேரம் கிடைக்கும்போது படி. முதல்ல சாப்பிட்டியா. அரிசி வாங்கி வச்சிருக்கியா, வெறும் ப்ரெட்ட தின்னுட்டு படுக்காத.

ஈஸ்டருக்கு விடியக்காலம் ஆராதனை, கோயில் நிரம்பி வெளியில பந்தல்ல சேர் போட்டிருந்தாங்க. மைக் செட்டு கொய்ங்குனு கத்திக்கிட்டே இருந்துச்சு, நீ இருந்தப்ப இப்படி ஒரு நாளும் கத்தினது இல்லனு கமிட்டில உள்ளவங்களே அப்பாகிட்ட சொன்னாங்க, எனக்கு சந்தோசமா இருந்துச்சு. முதலூர் மஸ்கோத்து அல்வா வாங்கி வச்சிருக்கேன், அங்க வாற யார்கிட்டயாவது குடுத்து விடலாம்னு. யாரு வாராங்கனு நீ சொல்லவே இல்ல. போன தடவை நீயே ஆள் பேரு நம்பர் எல்லாம் அனுப்பின.

ஈஸ்டர் அன்னைக்கு நீ வீடியோல வந்தப்ப உனக்கு பின்னால இருந்தது வேற சுவர். உன் ரூம்ல ஜன்னல் பக்கமா மேசை இருக்கும், மேல அந்த நீல கலர் துண்டு தொங்கும். அது எதையும் காணோம். நான் கேக்கல. அப்பாவும் பாத்தாங்க, அவங்களும் கேக்கல. ஆபீஸ் எப்படி போகுதுனு மட்டும் கேட்டாங்க, நீ போகுதுப்பானு சொல்லிட்டு நெட் சரியில்லனு வச்சிட்ட. அன்னைக்கு சாயங்காலம் அப்பா மாடிக்கு போய் ரொம்ப நேரம் நின்னாங்க. மாடி ரூமுக்குனு தூண்ல விட்ட கம்பி இருக்குல்லா, மழையில துருப்பிடிக்க கூடாதுனு சிமெண்ட்டு பால் அடிச்சு வச்சிருந்தோம், அது உதிர்ந்து போச்சுன்னு அவங்களே வாளியில கரைச்சு ஒவ்வொரு கம்பியா தடவிட்டு இருந்தாங்க. இந்த வயசுல ஏணியில ஏறாதீங்கனு எத்தனை சொன்னாலும் கேக்க மாட்டாங்க.

உன்கிட்ட எதையும் கேட்டு எழுதல இத. உனக்கு சொல்ல தோணுறப்ப நீயே சொல்லுவ. ஆனா அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுனு மட்டும் நினைக்காத. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம், உன் படிப்புக்கு கூடுதலா 24 மாசம், அதுக்குள்ள அமெரிக்கால வேலை பாக்குறதுக்கான எச்1பி விசா குலுக்கல்ல பேரு விழணும், விழலனா கடைசி தேதில இருந்து 60 நாள்ல கிளம்பணும். இது எல்லாம் எனக்கு தெரியும். மார்ச் மாசம் கம்பெனி பேரு குடுக்கும், மாசம் முடியறதுக்குள்ள சொல்லிருவாங்க. மொத்தமே வருஷத்துக்கு 65,000 விசா, அங்க மாஸ்டர்ஸ் படிச்சவங்களுக்கு இன்னொரு 20,000. 2025-ல 3,40,000-க்கு மேல பேரு குடுத்து 1,20,141 பேர தான் குலுக்கல்ல எடுத்தாங்கனு அக்கா காட்டினா. அந்த செப்டம்பர்ல புது எச்1பி-க்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம்னு டிவில போட்டப்ப அப்பா ராத்திரி பூரா தூங்கல, அங்க உள்ள இருந்தே விசா மாறுற படிச்ச பிள்ளைகளுக்கு அது இல்லனு நீ சொன்ன பிறகு தான் நிம்மதியானாங்க. அப்பமெல்லாம் எல்லாம் சொல்லுவ. இப்பம் மார்ச் முடிஞ்சு போச்சு, அதப்பத்தி உன் வாயில ஒரு வார்த்தை இல்ல. சந்தோசமான செய்தினா நீ எங்கள எழுப்பியாவது சொல்லியிருப்ப.

அத்தை மகன்கிட்ட மட்டும் பேசுறியாம். பேசு, நல்லது தான். பெத்தவங்கள விட்டுட்டு அவன்கிட்ட சொல்றதுல எனக்கு வருத்தம் இல்லனு சொன்னா அது பொய். இருந்தாலும் யார்கிட்டயாவது பேசுறியே, அதுக்கு ஸ்தோத்திரம்.

இந்த ஒரு வாரமா ஒரு ஆள பத்தியே நினைச்சுட்டு இருக்கேன். அப்போஸ்தலர் முதல் அதிகாரத்துல இயேசுவ காட்டிக்குடுத்த யூதாசு இடத்துக்கு ஒரு ஆள் வேணும்னு பேதுரு சொல்லுவாரு. யோவான் ஞானஸ்நானம் குடுத்த காலத்துல இருந்து இயேசு பரமேறுன நாள் வரைக்கும் கூடவே இருந்தவனா இருக்கணும். ரெண்டு பேர நிறுத்துவாங்க. ஒருத்தன் யோசேப்பு, அவனுக்கு பர்சபானும் யுஸ்துனும் பேரு உண்டு. இன்னொருத்தன் மத்தியா. ஜெபம் பண்ணி சீட்டு போட்டாங்க, மத்தியாவுக்கு விழுந்துச்சு. சண்டே ஸ்கூல்ல நான் எத்தனையோ வருஷம் இத நடத்தியிருக்கேன், மத்தியாவ பத்தி கேள்வி கேப்பேன், பிள்ளைகள் பதில் சொல்லும், அடுத்த பாடத்துக்கு போயிருவோம். அந்த யோசேப்பு அன்னைக்கு வீட்டுக்கு போயி என்ன நினைச்சிருப்பான்னு யாரும் கேட்டது இல்ல.

நினைச்சு பாரு. ரெண்டு பேருக்கும் ஒரே தகுதி, ஆரம்பத்துல இருந்து கூட வந்தவன். குறை உள்ளவனா இருந்தா நிறுத்தியே இருக்க மாட்டாங்க. ஜெபம் பண்ணாமயா போட்டாங்க, நூத்து இருவது பேர் உக்காந்திருந்த கூட்டத்துல எல்லாருடைய இருதயத்தையும் அறிஞ்ச கர்த்தாவேனு கூப்பிட்டு தான் போட்டாங்க. அவனுக்கு விழல. அவ்வளவு தான், ஏன்னு வேதத்துல ஒரு வரி இல்ல. ஆனா அடுத்த அதிகாரத்த பாரு, பெந்தெகொஸ்தே நாள்ல எல்லாரும் ஒரே இடத்துல கூடியிருக்காங்க, அக்கினி மயமான நாவு அங்க இருந்த ஒவ்வொருத்தர் மேலயும் வந்து அமருது. சீட்டு விழுந்தவன் விழாதவன்னு அது பாக்கல. அந்த கூட்டத்துல யோசேப்பும் உக்காந்திருந்தான்னு தான் நான் நம்புறேன். கோவிச்சுட்டு போகாம, வெக்கப்பட்டு எங்கயோ போய் ஒளிஞ்சுக்காம, அவன் ஆட்களோட வந்து உக்காந்திருந்தான். மக்கா, இத தான் உனக்கு சொல்லணும்னு இருந்தேன். சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்னு நீதிமொழிகள்ல இருக்கே, விழுந்தா மட்டும் கர்த்தரால வந்ததுனு சாட்சி சொல்லிட்டு விழலனா நம்மகிட்ட ஏதோ குறைனு சொல்றது எப்படி சரி. ரெண்டும் அவர் கையில இருந்து தான வருது.

வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வந்த ஒருத்தர், வெளியூர்க்காரர், இந்த வருஷம் உங்க மகனுக்கு வாசல் திறக்கும்னு சொல்லிட்டு போனாரு. அத்தை இன்னும் அத பிடிச்சுக்கிட்டு இருக்காங்க. எனக்கு அந்த பேச்சு அன்னைக்கே ஒட்டல. புது வருஷத்து வாட்ச் நைட் ஆராதனைல நீ இல்லாததால உனக்கு நான் தான் வாக்குத்தத்த அட்டை எடுத்தேன், எரேமியா 29:11 வந்துச்சு, போட்டோ எடுத்து அனுப்பினேன்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள்னு. அத எல்லாரும் தனியா ஒரு வசனமா தான் எடுத்துக்கிறாங்க. அந்த அதிகாரமே ஒரு கடுதாசி தான் தம்பி, பாபிலோனுக்கு பிடிச்சிட்டு போன ஜனங்களுக்கு எரேமியா எருசலேம்ல இருந்து எழுதி அனுப்பினது. அதுக்கு முந்தின அதிகாரத்துல அனனியான்னு ஒருத்தன் ரெண்டே வருஷத்துல எல்லாம் திரும்பி வந்திரும்னு கோயில்ல நின்னு சொல்லுவான். எரேமியாவும் ஆமென், கர்த்தர் அப்படியே செய்யட்டும்னு தான் சொல்லுவாரு, அவருக்கும் ஆசை தான். ஆனா கர்த்தர் சொன்னது எழுபது வருஷம். அதுவரைக்கும் வீட்ட கட்டு, தோட்டம் போடு, அதோட கனிய சாப்பிடு, கல்யாணம் பண்ணு, நீ இருக்கிற பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுனு எழுதுறாரு. அந்த மாதிரி கடுதாசிக்கு நடுவுல தான் அந்த வாக்குத்தத்தம் இருக்கு. நம்ம போட்ட கணக்கு அப்படியே நடக்கும்னு அதுல எங்கயும் சொல்லல.

அப்பாவும் கணக்கு போட்டாங்க தம்பி. உனக்கே தெரியும், அந்த பச்ச டைரி. ரெண்டு வருஷம் படிப்பு, மூணு வருஷத்துல லோன், அப்புறம் மாடி, அப்புறம் உன் கல்யாணம். ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல வருஷம் எழுதி, கீழ கர்த்தருக்கு சித்தமானால்னு எழுதியிருந்தாங்க. அந்த கடைசி வரிய நாம எல்லாரும் சும்மா எழுதுவோம், கல்யாண பத்திரிகைல போடுற மாதிரி. இப்பம் அந்த வரிய நிஜமாவே சொல்ல வேண்டிய நேரம் வந்திருக்குனு அப்பாவே போன ஞாயித்துக்கிழமை சாப்பிடும்போது சொன்னாங்க. டைரிய எடுத்து உள் பீரோல வச்சிட்டாங்க. உன் பேர சொல்லல, ஆனா உன்ன பத்தி தான் சொன்னாங்க.

டோனாவூர் சித்தி நியாபகம் இருக்கா, உன்ன அவங்க தோட்டத்துல விட்டுட்டு நாங்க எல்லாம் தேடுனோமே. அவங்க அடிக்கடி டோனாவூர்ல பிள்ளைகள வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா கதைய சொல்லுவாங்க. அயர்லாந்துக்காரங்க, 1893-ல ஜப்பானுக்கு போனாங்க, அங்கயே ஊழியம்னு நினைச்சு. உடம்பு ஒத்துக்கல, திரும்பிட்டாங்க. 1895-ல பெங்களூருக்கு வந்து அப்புறம் நம்ம திருநெல்வேலி சீமைக்கு வந்தாங்க. இங்கயும் அவங்க பிளான் மாட்டு வண்டில ஊர் ஊரா போயி சுவிசேஷம் சொல்றது தான். 1901-ல ஒரு சின்னப்பிள்ளை இந்துக் கோயில்ல இருந்து தப்பிச்சு வந்து அடைக்கலம் கேட்டுச்சு, அப்புறம் ஒவ்வொரு பிள்ளையா வந்துச்சு, வண்டி பயணம் நின்னு போச்சு. பிள்ளைகளுக்கு நகம் வெட்டி குளிப்பாட்டிக்கிட்டு கிடக்கிறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்னு அவங்களுக்கும் யோசனை வந்துச்சாம். கடைசில 1931-ல விழுந்து அடிபட்டு, 1951-ல சாகுற வரைக்கும் பெரும்பாலும் டோனாவூர்ல அவங்க ரூம்லயே படுக்கை. ஊருக்கு திரும்பி போகவே இல்ல. கல்லறைக்கு கல் வைக்காதீங்கனு சொல்லிட்டாங்க, பிள்ளைகள் பறவை தண்ணி குடிக்கிற தொட்டி ஒண்ண வச்சு அம்மைனு மட்டும் எழுதி வச்சிருக்காங்க, நீ சின்னதுல அதுல கைய விட்டு தண்ணி அள்ளுவ. ஜப்பான் வாசல் அடைக்கலனா நம்ம சீமைல அத்தனை பிள்ளைகளுக்கு அம்மை கிடைச்சிருக்காது. ஆனா திரும்பி வந்த அன்னைக்கு அவங்களுக்கு இது எதுவும் தெரியாது பாரு. உனக்கும் இன்னைக்கு தெரிய வேண்டிய அவசியம் இல்ல.

சும்மா உக்காருனு நான் சொல்லல. கம்பெனிக்கு எழுது, வேற நாட்டுக்கு வழி இருந்தா பாரு, சென்னையில பெங்களூர்ல இருக்கிற உன் கூட படிச்சவங்ககிட்ட பேசு. எல்லாத்தையும் செய். இது நடக்கலனா நான் ஒண்ணும் இல்லனு மட்டும் கைய பிசைஞ்சுக்கிட்டு நிக்காத. நல்லா தூங்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு மூணு மணிக்கு லாஸ்ட் சீன் காட்டுது. தனியா இருக்காத, அங்க தமிழ் ஆராதனைக்கு போவியே, போறியா இல்லையா. போ. அங்கயும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம், போயி உக்காரு போதும்.

லோன பத்தி. பாஸ்புக் அப்பா கையில தான் இருக்கு, மீதி எவ்வளவுனு எங்களுக்கு தெரியும். தேரிப் பக்கம் உள்ள நிலத்த கேட்டு ஆள் வந்துட்டு போயிருக்கு, அப்பாவுக்கு மனசு இருக்கு, ஆச்சியும் சரினுட்டாங்க. பனை எல்லாம் போயிருமேனு ஆச்சிக்கு கொஞ்சம் வருத்தம், அத நாங்க பாத்துக்கிறோம். இதுக்காக நீ அங்க எதையும் கையெழுத்து போட்டு மாட்டிக்காத. படிக்கிறதா சொல்லி ஏதோ காலேஜ்ல பேருக்கு சேந்து தங்குறாங்களாமே, அந்த வழிக்கு போகாத. நேரான வழில வந்தது போதும் நமக்கு. ஊர்ல என்ன பேசுவாங்கனு யோசிக்கிறியா. பேசுவாங்க. ரெண்டு வாரம் பேசுவாங்க, அப்புறம் கோயில் அசன விருந்து வந்திரும், உன்னையே மைக் செட்டு பாக்க கூப்பிடுவாங்க. நம்ம தெருவுல இருந்து அமெரிக்கா போன முதல் பிள்ளை நீ, அதுல எனக்கு இருக்கிற பெருமைய யாரும் குறைக்க முடியாது, நீ திரும்பி வந்தாலும் அது அப்படியே தான் இருக்கும்.

டிக்கெட் போட வேண்டி வந்தா அக்கா வீட்டுக்காரர் கார்டுல போட்டுக்கலாம்னு அவரே சொல்லிட்டாரு. நீ கேக்க கூச்சப்படுவனு தான் முன்னாலயே எழுதுறேன். அந்த 60 நாள்ல ஒரு நாள் கூட தாண்டிராத தம்பி, அத மட்டும் கணக்கு பாத்து வச்சுக்கோ, தாண்டினா பின்னால வேற எதுக்கும் கஷ்டம் ஆகும்னு சொல்லுதாங்க.

ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு பத்தரைக்கு வீட்டுக்கு வந்திருவோம், டல்லாஸ்ல ராத்திரி பன்னெண்டு ஆகும். நீ முழிச்சு தான் இருப்ப, கூப்பிடு. வீடியோ வேண்டாம், வெறும் போன் போதும். அப்பா எடுத்தா அப்பாகிட்டயே சொல்லு, என்கிட்ட தான் சொல்லணும்னு இல்ல.

உன் அம்மா