தடுமன் காலம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும், பேரன் பேத்தியைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டுப் போகும் அப்பத்தா, அம்மாச்சி, தாத்தாமாருக்கும் வணக்கம்.

கார்த்திகை பிறந்ததிலிருந்து தமிழ்த்தாய் வாழ்த்து முடிவதற்குள் நாலு தும்மலாவது கேட்காத நாள் இல்லை. வகுப்புக்குள் நுழைந்தாலே எந்த வீட்டில் என்ன வைத்தியம் நடந்தது என்று வாசனை சொல்லிவிடுகிறது. முன்வரிசையில் கற்பூரவள்ளி, சன்னலோரம் யூகலிப்டஸ் தைலம், கடைசியில் பூண்டு. போன வாரம் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஓடும்போது சட்டைக்குள்ளிருந்து வாட்டிய வெற்றிலை ஒன்று விழுந்தது. புவிசார் குறியீடு வாங்கிய சோழவந்தான் வெற்றிலை நெஞ்சுச் சளிக்கும் வேலை செய்கிறது என்று ஆசிரியர்கள் சிரித்தோம்.

நானும் சுக்குக் கஷாயம் குடித்து வளர்ந்தவள்தான். கைவைத்தியத்தை விடுங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. அதில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை இன்றோடு நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தடுமன் மழையில் நனைந்ததால் வருவதில்லை. அது வைரஸ் கிருமியால் வருவது. இருநூறுக்கும் மேற்பட்ட வைரஸ்கள் இந்த வேலையைச் செய்கின்றன. அதிகம் செய்வது ரைனோ வைரஸ். மழைக்காலத்தில் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு நெருங்கி உட்காருகிறோம், அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவுகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு 6 முதல் 8 தடவை வந்து போவது சாதாரணம். "என் பிள்ளைக்குச் சளியே விடமாட்டேங்குது டீச்சர்" என்று வருத்தப்படும் அம்மாக்கள், அது பெரும்பாலும் பழைய சளி இல்லை, புதுச் சளி என்று தெரிந்துகொண்டால் பாதிக் கவலை குறையும். 7 முதல் 10 நாளில் உடம்பே அதைச் சரி செய்துவிடும். ஆன்டிபயாடிக் மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது. ஆகவே மருந்துக்கடையில் போய்ச் சளிக்கு ரெண்டு வேளை மாத்திரை என்று கேட்டு வாங்க வேண்டாம்.

இருமல் மருந்தும் அப்படியே. 2025இல் மத்தியப் பிரதேசத்தில், நச்சு கலந்த இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். 2 வயதுக்குக் கீழே சளி, இருமல் மருந்து கொடுக்கவே கூடாது, 5 வயதுக்குக் கீழேயும் பொதுவாக வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறையே அப்போது அறிவுறுத்தியது. அண்ணனுக்கு எழுதிக் கொடுத்த பாட்டிலில் மிச்சமிருப்பதைத் தம்பிக்கு ஊற்றும் பழக்கம் நம் ஊரில் நிறைய இருக்கிறது.

சரி, அடுப்படிக்கு வருவோம். ஆயுர்வேதம் தடுமனைப் பிரதிஷ்யாயம் என்கிறது. கபம் கூடுவதை அதில் முக்கியமாகப் பார்க்கிறது. சூடாக, எளிதில் செரிப்பதாகச் சாப்பிடச் சொல்கிறது. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த திரிகடுகம் அதற்கும் சித்த மருத்துவத்துக்கும் பொதுச் சொத்து. மதுரைத் தெருவில் மாலையானால் தள்ளுவண்டியில் வரும் பருத்திப்பாலில்கூடச் சுக்கும் கருப்பட்டியும் இருக்கிறதே, அந்தச் சூடு தொண்டையில் இறங்கும் சுகம் உங்களுக்குத் தெரியாததா.

என் வீட்டு அளவைச் சொல்கிறேன். சின்னத் துண்டு சுக்கு, ஒரு தேக்கரண்டி கொத்தமல்லி விதை, நாலு மிளகு, ஒரு திப்பிலி. எல்லாவற்றையும் ஒன்றிரண்டாகத் தட்டி, இரண்டு டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராக வற்றும்வரை கொதிக்கவிட்டு, கருப்பட்டி போட்டு வடிகட்ட வேண்டும். பள்ளிப் பிள்ளைக்குக் கால் டம்ளர் போதும், அதுவும் சாப்பிட்ட பிறகு. வெறும் வயிற்றில் கொடுத்து அனுப்பினால் முதல் பாடவேளையிலேயே "வயிறு எரியுது டீச்சர்" என்று என் அறைக்கு வந்துவிடுகிறார்கள். காரத்துக்கு முகம் சுளிக்கும் பிள்ளைக்குக் கற்பூரவள்ளி இலை இரண்டை அனலில் வாட்டிப் பிழிந்து, அந்தச் சாற்றில் அரைத் தேக்கரண்டி எடுத்துத் தேனில் குழைத்துக் கொடுக்கலாம். வேலியில் தூதுவளை படர்ந்திருக்கும் வீடுகள் கொடுத்து வைத்தவை. முள் குத்தாமல் பார்த்து இலையைக் கிள்ளி எடுத்து, நெய்யில் வதக்கி ரசமோ துவையலோ வைத்துவிடுங்கள். மருந்தென்று தெரியாமலே சோறு இறங்கும். நாட்டுக்கோழி ரசம் வைக்கிற வீட்டுக்கு என் சிபாரிசு தேவையில்லை.

இவை எதுவும் வைரஸைக் கொல்லாது. தொண்டைக்கு இதம் தரும், அடைத்த மூக்கு கொஞ்சம் திறக்கும், பிள்ளை தூங்கும். தேன் மட்டும் இரவு இருமலைத் தணிப்பதாக ஆய்வுகளும் ஓரளவு சொல்கின்றன. ஆனால் ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தைக்குத் தேன் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி அந்த வயதுக் குடலில் வளர்ந்து, தசைகளைச் செயலிழக்க வைக்கும் நஞ்சை உண்டாக்கும்.

ஆடாதோடையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆடு தொடாத கசப்பு என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். அதன் தாவரவியல் பெயரிலும் நம் சொல்தான் நிற்கிறது. அதிலுள்ள வாசிசினை முன்மாதிரியாக வைத்துத்தான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்ற ஆங்கில மருந்தை உருவாக்கினார்கள். அவ்வளவு வீரியமான இலை என்பதால்தான் கண்ணளவில் கஷாயம் போட்டுக் கொடுக்க வேண்டாம் என்கிறேன். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். பிள்ளைக்கு வேண்டுமென்றால் சித்த மருத்துவரிடம் கேட்டு அவர் தரும் அளவில் கொடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் சித்தப் பிரிவு இருக்கிறது.

இனி நிறுத்த வேண்டியவை. முதலில் சூடம். தேங்காய் எண்ணெயில் சூடத்தைக் கரைத்துக் குழந்தையின் நெஞ்சில் தேய்ப்பது, துணியில் முடிந்து மூக்கருகே கட்டிவிடுவது, இரண்டும் வேண்டாம். சூடம் கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். சாமிக்கு ஏற்றுவதைச் சாமியோடு விட்டுவிடுவோம்.

அடுத்தது மூக்கில் எண்ணெய் ஊற்றுவது. ஆயுர்வேதத்தில் நசியம் என்று ஒரு சிகிச்சை உண்டுதான்; அது வைத்தியர் வயதும் உடம்பும் பார்த்துச் செய்வது. அழும் பிள்ளையை மடியில் அமுக்கி நாம் ஊற்றினால் எண்ணெய் நுரையீரலில் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம்.

மூன்றாவது வேது பிடித்தல். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். அப்பத்தா நொச்சி இலை போட்டுக் கொதிக்கவைத்த பானையை என் முன்னால் வைத்து, என்னையும் தம்பியையும் ஒரே போர்வைக்குள் தள்ளினார். உள்ளே யார் முகம் பெரிதாகத் தெரிகிறது என்று சண்டை. தம்பி காலை நீட்டினான், பானை சாய்ந்தது. இடது பாதத்தில் அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது; அப்பத்தா சாகும்வரை அதைத் தடவித் தடவி அழுதார். கொதிக்கிற பானையைப் பிள்ளை முன்னால் வைக்காதீர்கள். மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும்.

"டீச்சர், சத்துணவில் வாழைப்பழம் கொடுக்காதீங்க" என்று நோட்டில் எழுதி அனுப்புகிறீர்கள். தடுமன் உள்ள இரண்டு மூன்று நாள் வேண்டாமென்றால் மறுக்க மாட்டேன். இரவில் தயிர் வேண்டாம் என்று ஆயுர்வேதமும் சொல்கிறது. ஆனால் கார்த்திகை தொடங்கித் தை வரை பழத்தையே நிறுத்திவைப்பது முட்டை சாப்பிடாமல் அதற்குப் பதிலாக வாழைப்பழம் வாங்கும் பிள்ளைக்குப் பெரிய இழப்பு. பழத்திலிருந்து வைரஸ் வருவதில்லை.

பள்ளியில் காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவ வைக்கிறோம். தும்மினால் முழங்கை மடிப்பில் தும்மச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். மாடு முட்டுவது போல் இருக்கிறது என்று அவர்களே அதை விளையாட்டாக்கிக்கொண்டார்கள். நீங்கள் தினமும் துவைத்த கைக்குட்டை ஒன்றும், தனித் தண்ணீர் பாட்டிலும் கொடுத்துவிட்டால் போதும்.

காய்ச்சல் இருந்தால் அனுப்பாதீர்கள், அரையாண்டுத் தேர்வு நாளாக இருந்தாலும் சரி. தேர்வைப் பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். காய்ச்சல் விட்டு மூக்கு மட்டும் ஒழுகினால் அனுப்பலாம். மூச்சு வேகமாக வாங்குவது, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, தண்ணீரும் குடிக்காமல் துவண்டு கிடப்பது, இதில் எதைப் பார்த்தாலும் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சல் மூன்றாம் நாளும் விடாவிட்டாலும், காது வலி என்று அழுதாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மூக்கு ஒழுகாமல் காய்ச்சலும் உடம்பு வலியும் மட்டும் இருந்தால் இந்தப் பருவத்தில் டெங்குவாகவும் இருக்கலாம், அதற்கு இரத்தப் பரிசோதனை வேண்டும்.

சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் கை கழுவும் தண்ணீர் வீணாக ஓடும் இடத்தில் பாத்தி கட்டியிருக்கிறோம். கற்பூரவள்ளிக் குச்சி, துளசி நாற்று, தூதுவளை விதை இருப்பவர்கள் வெள்ளிக்கிழமை பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். தூதுவளையை ஈரத்துணியில் பொதிந்து குச்சியாகக் கொடுத்தனுப்ப வேண்டாம். போன தடவை பைக்குள் கையை விட்ட சின்னப் பிள்ளைக்கு முள் குத்திவிட்டது.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பின்குறிப்பு: பச்சைக் கம்பளிக் குல்லா ஒன்று பத்து நாளாக என் மேசையில் கிடக்கிறது. தைல வாசனையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. உரியவர் வந்து வாங்கிக்கொள்ளவும்.